இரத்த அழுத்த மாத்திரை: பாதுகாப்பாக உட்கொள்வது எப்படி?

"பிரஷர் நார்மலுக்கு வந்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை?" நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பக்கவாதத்தோடும் மாரடைப்போடும் மருத்துவமனைக்கு வருபவர்களில் பலர் இந்தக் கேள்விக்குத் தாங்களே பதில் சொல்லிக்கொண்டு மாத்திரையை நிறுத்தியவர்கள். அழுத்தம் நார்மலாக இருப்பதே மாத்திரை வேலை செய்வதால்தான் என்பது அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லாத விஷயம்.

இரத்த அழுத்த மாத்திரை விலை குறைவானது. பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பது. முறையாக உட்கொண்டால் மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றைக் காக்கும். முறை தவறினால் அதே மாத்திரையே தலைசுற்றல், விழுதல், சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுபோய் விடலாம். வீட்டில் பெற்றோருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்களும், வெளிநாட்டில் தனியாக இருந்து தாமே போட்டுக்கொள்பவர்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

அறிகுறி இல்லாத நோய்

மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். மேல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழ் எண் இதயம் விரியும்போது உள்ள அழுத்தம். வீட்டில் அளக்கும்போது இந்த எல்லை சற்றுக் குறைவு: 135/85.

பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. தலைவலியோ படபடப்போ இல்லை என்பதால் அழுத்தம் இல்லை என்று ஆகிவிடாது. "உடம்பு நன்றாக இருக்கும்போது எதற்கு மாத்திரை" என்ற எண்ணமும், "தலை கனக்கிறது, இன்று மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிறேன்" என்ற பழக்கமும் ஒரே தவறான புரிதலிலிருந்து வருபவை. இது தலைவலி மாத்திரையைப் போல வேண்டும்போது போடும் மருந்து அல்ல. தினமும் போடும் மருந்து.

உங்கள் மாத்திரை எந்த வகை?

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது மிக முக்கியம்.

1. அம்லோடிபின், நிஃபெடிபின், சில்னிடிபின்: இரத்தக் குழாயைத் தளர்த்துபவை. அம்லோடிபின் போடும் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் வரும். சிலருக்கு ஈறு தடிக்கும்.

2. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில்: "ப்ரில்" என்று முடியும் இவை சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். அரிதாக உதடு, நாக்கு, முகம் வீங்கும். அப்படி வீங்கினால் அது அவசர நிலை.

3. லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஓல்மெசார்ட்டன்: "சார்ட்டன்" என்று முடிபவை. இருமல் மிகக் குறைவு. இவையும் "ப்ரில்" வகையும் இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை.

4. ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு: சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரைகள். உடலில் சோடியமும் பொட்டாசியமும் குறைய வாய்ப்பு உண்டு. வயதானவர்கள் திடீரெனக் குழம்பிப் பேசினாலோ மிகவும் சோர்ந்துபோனாலோ சோடியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

5. அடெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால்: "லால்" என்று முடிபவை. இதயத் துடிப்பைக் குறைப்பவை. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இவை மறைத்துவிடலாம்.

பலருக்கு ஒரே மாத்திரையில் இரண்டு அல்லது மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும். பெயருக்குப் பின்னால் "ஏ.எம்." என்று இருந்தால் பெரும்பாலும் அம்லோடிபினும், "ஹெச்" என்று இருந்தால் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். கடையில் வாங்கும்போது இந்த ஒரு எழுத்து மாறினால் மருந்தே மாறிவிடுகிறது.

இரட்டை டோஸ் எப்படி நேர்கிறது?

ஊரில் ஒரு டாக்டர், நகரத்தில் ஒரு இதய டாக்டர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவச மாத்திரை என்று மூன்று இடத்தில் மருந்து வாங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மூன்றிலும் அம்லோடிபின் இருக்கும். மூன்றுக்கும் பெயரும் நிறமும் வேறு. மூன்றையும் போட்டுவிட்டு, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுகிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் காரணம் தெரிகிறது.

வளைகுடாவில் வேலை செய்பவர்களுக்கு இதே ஆபத்து வேறு வழியில் வருகிறது. ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரை தீரும். அங்குள்ள கிளினிக்கில் அதே மருந்து வேறு பெயரில் கிடைக்கும். பிறகு ஊரிலிருந்து யாராவது பழைய மாத்திரையைக் கொண்டு வந்து கொடுப்பார்கள். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் இரண்டையும் போடுவார்கள்.

இதற்குத் தீர்வு எளிது. வீட்டில் ஒவ்வொருவரும் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயரையும் அளவையும் நேரத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். கம்பெனி பெயரை அல்ல, மருந்தின் பெயரை எழுதுங்கள். அதைப் படம் எடுத்து பிள்ளைகளின் போனிலும் வைத்திருங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள். புதிய மாத்திரை வந்தால், "இது பழையதற்குப் பதிலா, பழையதோடு சேர்த்தா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

எப்போது, எப்படி உட்கொள்வது?

காலையா இரவா என்ற கேள்வி நெடுநாளாக இருந்தது. பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு, 2022இல் வெளியான ஆய்வு, காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. எனவே மறக்காமல் போடக்கூடிய நேரமே சிறந்த நேரம். ஃபஜ்ருக்குப் பிறகு தேநீர் குடிக்கும் நேரம், இரவு உணவுக்குப் பின் என்று அன்றாட வேலை ஒன்றோடு சேர்த்துக்கொண்டால் மறதி குறையும். நீர் மாத்திரையை மட்டும் இரவில் தாமதமாகப் போட்டால் தூக்கம் கெடும். அதைப் பொதுவாகக் காலையில் கொடுப்பார்கள்.

பெயருக்குப் பின்னால் "எக்ஸ்.எல்.", "எஸ்.ஆர்.", "ஈ.ஆர்.", "சி.ஆர்." என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரை. அதைப் பொடித்தாலோ கடித்தாலோ ஒரு நாளுக்கான மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். விழுங்கச் சிரமப்படும் முதியவருக்குப் பொடித்துக் கொடுக்கும் முன் மருந்தாளரிடம் கேளுங்கள்.

மாத்திரைகளை அடுப்படியிலும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் மருந்தைக் கெடுக்கும். குறிப்பாக டெல்மிசார்ட்டன் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போடும் நேரத்தில்தான் அட்டையைப் பிரிக்க வேண்டும். வாரம் முழுவதற்குமாக டப்பாவில் பிரித்து வைப்பவர்கள், அட்டையை ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து உறையோடு வைக்கலாம். காலாவதித் தேதி உள்ள பகுதியைக் கடைசி வரை வைத்திருங்கள்.

மறந்துவிட்டால்

நினைவுக்கு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு, அடுத்ததை வழக்கம்போல் போடுங்கள். விட்டதற்கு ஈடாக இரண்டாகப் போடக் கூடாது. போட்டோமா இல்லையா என்றே நினைவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுவதே பாதுகாப்பு. ஒரு வேளை விட்டதால் வரும் கெடுதலைவிட இரட்டை டோஸால் வரும் கெடுதல் உடனடியானது.

தானாக நிறுத்தாதீர்கள்

அம்லோடிபின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறும். பாதி அளவு குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் நிறுத்திய ஓரிரு நாட்களுக்கு அளவு பெரிதாக மாறாது. "மூன்று நாள் போடவில்லை, ஒன்றும் ஆகவில்லையே" என்ற நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. பிறகு அழுத்தம் சத்தமில்லாமல் ஏறுகிறது. இதே காரணத்தால், புதிதாகத் தொடங்கியவர் இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று மருந்தை மாற்றச் சொல்வதும் சரியல்ல. முழுப் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேலாகும்.

"லால்" வகை மாத்திரைகளும் குளோனிடினும் இன்னும் ஆபத்தானவை. இவற்றைச் சட்டென நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் முன்பைவிட அதிகமாக எகிறலாம். இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பே வரலாம். குறைக்க வேண்டும் என்றால் மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கடையில் வாங்க நேரம் இல்லாமல் விட்டுப்போவதும் நிறுத்துவதுதான். ஒரு வார மாத்திரை மீதம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

எடை குறைந்து, உப்பைக் குறைத்து, நடைப்பயிற்சி செய்து அழுத்தம் இறங்கியவர்களுக்கு மருத்துவர் மாத்திரையைக் குறைப்பதும் உண்டு. அந்த முடிவு உங்கள் அளவுக் குறிப்பேட்டைப் பார்த்து அவர் எடுப்பது.

செலவு காரணமாக நிறுத்த வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இம்மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். தனியாரில் வாங்குபவர்களுக்கு மக்கள் மருந்தகங்களில் அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கிறது.

சேர்ந்தால் கெடுதல் செய்பவை

*வலி மாத்திரை.* மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் போன்றவை அழுத்தத்தை ஏற்றும்; பிரஷர் மாத்திரையின் வேலையைக் குறைக்கும். "ப்ரில்" அல்லது "சார்ட்டன்" ஒன்று, நீர் மாத்திரை ஒன்று, இவற்றோடு வலி மாத்திரை ஒன்று என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். வலிக்குப் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகையில் சோடியம் அதிகம் என்பதால் அதைத் தினமும் உபயோகிக்க வேண்டாம்.

*சளி மருந்து.* மூக்கடைப்பு நீங்க ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின் சேர்ந்த மாத்திரைகளும் சிரப்புகளும் அழுத்தத்தை ஏற்றும். "ப்ரில்" மாத்திரையால் வந்த இருமலைச் சளி என்று நினைத்து இத்தகைய சிரப்பை வாரக்கணக்கில் குடிப்பவர்கள் உண்டு. மருந்தை மாற்றினால் தீரும் இருமல் அது.

*அதிமதுரம்.* தொண்டைக்கு நல்லது என்று தினமும் மெல்லுவதும் கஷாயத்தில் போடுவதும் வழக்கம். அதிமதுரம் தொடர்ந்து உடலில் சேர்ந்தால் அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

*குறைந்த சோடியம் உப்பு.* பிரஷருக்கு நல்லது என்று விற்கப்படும் இந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். "ப்ரில்", "சார்ட்டன்", ஸ்பைரனோலாக்டோன் போடுபவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். கேட்காமல் வாங்காதீர்கள். அளவுக்கு மிஞ்சிய இளநீருக்கும் இது பொருந்தும்.

*ஆண்மைக்குறைவுக்கான மாத்திரை.* சில்டெனாஃபில் வகையை மருத்துவருக்குத் தெரியாமல் வாங்கிப் போடுவது ஆபத்து. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுபவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து.

கர்ப்பமும் பிரஷர் மாத்திரையும்

"ப்ரில்", "சார்ட்டன்" வகைகளைக் கர்ப்பிணிகள் உட்கொள்ளக் கூடாது. வயிற்றில் உள்ள குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்படும். இம்மாத்திரை போடும் இளம்பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாள் தள்ளிப்போனால் அன்றே சொல்ல வேண்டும். லாபெட்டலால், மெத்தில்டோபா, நிஃபெடிபின் போன்ற மாற்று மருந்துகள் உள்ளன. பயந்து எல்லா மாத்திரையையும் நிறுத்துவதும் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தே.

வயதானவர்களுக்கு

படுத்த நிலையிலிருந்து சட்டென எழும்போது அழுத்தம் தாழ்ந்து கண் இருட்டுவது முதியவர்களுக்கு அதிகம். இரவில் ஒளூவுக்கு எழும்போதும், ஸஜ்தாவிலிருந்து நிமிரும்போதும் இது தெரியும். கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு பிடித்துக்கொண்டு எழச் சொல்லுங்கள். தொடர்ந்து தலைசுற்றினால் நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளந்து பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். புராஸ்டேட் பிரச்சினைக்குத் தரப்படும் டாம்சுலோசின் போன்றவையும் அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால் அதையும் சொல்ல வேண்டும்.

நோன்பு காலத்தில்

அழுத்தம் கட்டுப்பாட்டில் உள்ள பெரும்பாலானவர்கள் மருத்துவரின் ஆலோசனையோடு நோன்பு வைக்க முடிகிறது. ரமளான் தொடங்கிய பிறகு ஓடாமல், ஷஅபான் மாதத்திலேயே சென்று மாத்திரை நேரத்தை மாற்றி எழுதி வாங்குங்கள்.

- ஒரு நாளைக்கு ஒரு வேளை என்றால் ஸஹரிலோ இஃப்தாருக்குப் பிறகோ போடலாம். எந்த நேரம் என்று முடிவு செய்து, மாதம் முழுதும் அதையே பின்பற்றுங்கள்.
- இரண்டு வேளை என்றால், நம் பகுதியில் நோன்பு நேரம் ஏறக்குறைய 13 மணி நேரம் என்பதால் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் பிரித்துக்கொள்வது பெரும்பாலும் பொருந்தும்.
- மூன்று வேளை என்றால் மதிய மாத்திரையை விட்டுவிடுவதோ, இரண்டை ஒன்றாகப் போடுவதோ கூடாது. ஒரு வேளை மட்டும் போடும் நீடித்த செயல்பாடுள்ள மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.
- நீர் மாத்திரையை ஸஹரில் போட்டால் பகலில் நீர்ச்சத்து வற்றும். அதை இஃப்தாருக்குப் பின் மாற்றலாமா என்று கேளுங்கள்.
- கஞ்சியிலும் வடை, சமோசா, ஊறுகாயிலும் சேரும் உப்பு ஒரு நாளைக்கு உரிய அளவை எளிதில் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிதான்.

கையில் பட்டை கட்டி அழுத்தம் அளப்பதால் உடலுக்குள் எதுவும் செல்வதில்லை, நோன்போடு அளக்கலாம். அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இதயம் அல்லது சிறுநீரகம் செயலிழந்தவர்கள் மருத்துவர் அனுமதி இல்லாமல் நோன்பு வைக்கக் கூடாது. பகலில் கடும் தலைசுற்றல், மயக்கம், நெஞ்சுவலி வந்தால் நோன்பை முறித்துச் சிகிச்சை பெற வேண்டும். நோயாளிக்கும் பயணிக்கும் உள்ள சலுகை அல்பகரா சூராவின் 184, 185ஆம் வசனங்களில் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. களா செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அல்லாஹ் கொடுத்த சலுகையை ஏற்பதில் குறை ஏதும் இல்லை.

உம்ரா, ஹஜ், வெளிநாட்டுப் பயணம்

பயண நாட்களுக்கு வேண்டியதைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக மாத்திரை எடுத்து, கைப்பையில் வையுங்கள். விமானத்தில் ஏற்றும் பெட்டியில் வேண்டாம். அட்டையைப் பிரிக்காமல், மருந்தின் பெயர் தெளிவாக உள்ள மருந்துச் சீட்டோடு கொண்டுசெல்லுங்கள். பிறர் தரும் மருந்துப் பொட்டலத்தை என்னவென்று தெரியாமல் வாங்கிச் செல்லாதீர்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி, இருமல் மருந்துகள் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை.

சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. ஒரு வேளை மாத்திரைக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. அங்குள்ள நேரப்படி தொடரலாம். கடும் வெயிலில் நடந்து வியர்க்கும்போது நீர் மாத்திரை போடுபவர்களுக்கு அழுத்தம் மிகவும் தாழலாம். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், தலைசுற்றினால் எந்த மாத்திரையைத் தள்ளிவைக்கலாம் என்று புறப்படும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாட்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். அந்நாட்களில் நீர் மாத்திரை, "ப்ரில்", "சார்ட்டன்" ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது உண்டு.

வீட்டில் அளக்கும் முறை

மேற்கையில் கட்டும் கருவியே நம்பகமானது. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு தேநீர், காபி, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதயத்தின் மட்டத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஏழு நாட்கள் காலையும் மாலையும் இப்படி எழுதிக் கொண்டுபோனால், அங்கே ஒரு முறை அளப்பதைவிட அது அவருக்குப் பயன்படும்.

"ப்ரில்", "சார்ட்டன்", நீர் மாத்திரை தொடங்கிய ஓரிரு வாரங்களில் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் பரிசோதனை தேவை. அதன் பிறகும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும்.

அளவு திடீரென ஏறினால்

பதற்றத்தில் கூடுதல் மாத்திரை போடாதீர்கள். நிஃபெடிபினை நாக்கின் கீழ் வைத்து உடனே குறைப்பது பழைய முறை. அழுத்தம் சட்டெனச் சரிந்து மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் குறையலாம் என்பதால் அது கைவிடப்பட்டது. சற்று அமைதியாக உட்கார்ந்து மீண்டும் அளந்து பாருங்கள். 180/120க்கு மேல் இருந்து, வேறு தொந்தரவு இல்லை என்றால் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், பார்வை மங்குதல், தாங்க முடியாத தலைவலி, வலிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

அந்தப் பட்டியல் இன்னும் உங்கள் வீட்டில் இல்லை என்றால், இன்று இரவே பெற்றோரின் மாத்திரை டப்பாவைத் திறந்து எழுதத் தொடங்குங்கள். ஒரே மருந்து இரண்டு அட்டைகளில் இருப்பதைக் கண்டால் நீங்களாக எதையும் தூக்கி எறியாமல், பட்டியலோடு மருத்துவரைப் பாருங்கள்.